ஈரம் அளப்பவள்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
முன்பக்கம் இரண்டு ஊசி.
சுவரில் அழுத்தினால் ஓர் எண் சொல்லும்.
இருபதுக்குக் கீழே என்றால் சான்றிதழ்,
மேலே என்றால் மறுபடி வருவேன்.
குன்னூர் நகராட்சியில் இப்படி ஒரு வேலை
போன வருஷம் வரை இல்லை.

தீர்மானம் நாற்பத்தி ஏழு.
காட்டெருமைகள் குப்பைத்தொட்டியைக் கவிழ்ப்பது பற்றிய
நாற்பத்தி ஆறுக்கும்
டீ, போண்டாவுக்கும் நடுவில் வந்தது.
வருஷம் முழுக்க உள்ளூர் ஆட்களுக்கு விடுகிறவருக்கு
வீட்டுவரி பாதி.
கூரை மாற்ற வட்டியில்லாக் கடன்.
பதிலுக்கு, மூன்று வருஷம் வாடகை ஏறாது;
கழிப்பறை உள்ளே வேண்டும்,
குழாயில் தண்ணீர் வேண்டும்,
சுவர் காய்ந்திருக்க வேண்டும்.

"ஒரு ராத்திரிக்கு நாலாயிரம் தர்றான் டூரிஸ்ட்.
மாசத்துக்கு நாலாயிரம்னு எந்த மடையன் விடுவான்?"
ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார்.
"டூரிஸ்டுக்குப் போர்வை மடிக்கிறவ
எங்கய்யா தூங்குவா?"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
நடவடிக்கைக் குறிப்பில் அதன் பெயர் இல்லை.
கை தூக்கச் சொன்னார்கள்.
மடையன் என்றவரும்
கடைசியில், பாதி உயரத்துக்கு, தூக்கினார்.

அவனிடம் கொஞ்சம்கூட ஈரம் இல்லை என்று
மனிதர்களைத் திட்டுவோம்.
நான் சுவர்களிடம் அதைத்தான்
கெஞ்சிக் கேட்கிறேன்.

போஜன் வீட்டு மாடியில் 'மேகக்கூடு' என்று பலகை.
கீழே நாலு அறை, ஒன்பது மாசமாய்ப் பூட்டு.
அங்கே இருந்தவர்கள் மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார்கள்.
வேலை மேலே, பாய் கீழே.
விடியாத பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகள்தோறும்
ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி ஏறுகிறார்கள்.

ஐப்பசி மழை. அறையில் கரி வாசனை.
நான் வருவது தெரிந்து
விடிய விடியக் கணப்பு மூட்டியிருந்தார்.
பீரோவை நகர்த்தச் சொல்லி
பின்னால் அழுத்தினேன். முப்பத்தொன்று.
"மாசியில வந்து பாருங்க மேடம்."
மாசியில் எல்லாச் சுவரும் யோக்கியம்.
பின்பக்க மண்மேட்டைக் காட்டினேன்:
சுவரை ஒட்டி ஒரு முழம் வெட்டி எடுங்கள்,
தண்ணீர் ஓட வாய்க்கால் விடுங்கள்,
செலவுக்கு இந்தப் படிவம்.
முணுமுணுத்தார். ஆனால் வெட்டினார்.
கார்த்திகை முடிவில், மழை விடாத ஒரு மதியம்,
பதினெட்டு.
போஜன் அந்த எண்ணைப்
பரீட்சை மார்க் மாதிரி
போனில் யாருக்கோ சொன்னார்.

யோகேஸ்வரி குடிவந்தாள்.
ராத்திரி முழுக்க பேக்கரியில் வர்க்கி அடுக்குகிறவள்.
கருவியை அவள் நம்பவில்லை.
உள்ளங்கையை வைத்தாள்,
மூலையில் குனிந்து மோந்து பார்த்தாள்.
"இங்க உன் நோட்டு வீங்காது" என்றாள் மகனிடம்.
அவன் ஏற்கெனவே ஜன்னலில் பேர் எழுதிக்கொண்டிருந்தான்.

இதையும் சொல்ல வேண்டும்.
என் கட்டிலுக்குப் பின்னால்
தினசரிக் காலண்டர் மாட்டிய இடத்தில்
ஒரு கறுப்புத் தேசம் விரிகிறது.
ஏழு மாசமாய்க் கருவியை வீட்டுக்குள்
பையிலிருந்து எடுத்ததேயில்லை.
போன வாரம் எடுத்தேன். நாற்பத்திரண்டு.
வீட்டுக்காரர், அந்த மடையன் கேள்வி கேட்டவர்.
விண்ணப்பிக்க உரிமையாளருக்கு மட்டுமே உரிமை.
விதியை டைப் அடித்ததே நான்தான்.

வாடகை நோட்டுகளுக்கு நடுவில்
படிவத்தை மடித்து நீட்டினேன்.
பணத்தை எண்ணினார்.
காகிதத்தை எண்ணவில்லை, ஆனால் கீழேயும் வைக்கவில்லை.
"என்ன காட்டுது?"
சொன்னேன்.
"உன் மெஷின் கோளாறா இருக்கும்."
மேசை மேல் வைத்தேன்.
எழுந்து, தன் வரவேற்பறையில்,
மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே
அவரே அழுத்திப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
எண்ணை என்னிடம் சொல்லவில்லை.

பேனா இருக்கா என்றார்.